புது வண்டியில் இல்லாதவை

காவாந்தண்டலம்
14.10.2024

அன்பு மகள் தேவயானிக்கு,

நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இரண்டு மாடும் சுகம். சிங்கப்பூரில் உன் கிடங்கு வேலை எப்படிப் போகிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ வாங்கிக் கொடுத்த பிக்கப் வண்டி வந்து சேர்ந்துவிட்டது. ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். உன் அம்மா பூசணிக்காயைச் சுற்றி உடைத்த வேகத்தில் பாதி என் வேட்டியில்தான் விழுந்தது. தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். "யாரு வாங்கிக் குட்த்தது" என்று கேட்டவர்களிடம் எல்லாம் "எம் பொண்ணு" என்று சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

பெற்றவன் பிள்ளைக்கு நன்றி சொல்வது நம் பக்கம் வழக்கமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் வெட்கம் குறைவாக இருக்கிறது. பழைய வண்டி அடிக்கடி வழியில் நின்று, நெல் மூட்டையோடு என்னையும் வெயிலில் காய வைத்தது உனக்குத் தெரியும். இனி அந்த பேஜார் இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு.

ஒரு சின்ன விஷயம். குறையாக எடுத்துக்கொள்ளாதே. இந்த வண்டியில் கண்ணாடியை இறக்க கைப்பிடியைச் சுற்ற வேண்டியிருக்கிறது. பழையதில் பட்டன் இருந்தது. ஒரு கதவைப் பூட்டினால் மற்ற கதவும் தானே பூட்டிக்கொள்ளும், அதுவும் இதில் இல்லை. பரவாயில்லை. கைக்குத் தேகப்பயிற்சி.

போன் பண்ணும்போதெல்லாம் நான் வெளியே போய்விடுகிறேன் என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். இங்கே டவர் சரியில்லை. கடிதம் என்றால் நிதானமாகப் படிக்கலாம். நீயும் எழுது.

இப்படிக்கு
உன் நைனா
தாண்டவராயன்

சிங்கப்பூர்
27.10.2024

அன்புள்ள நைனாவுக்கு,

தபால்பெட்டியில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஊரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். என்னோடு அறையில் தங்கியிருக்கும் ஷாரோன்தான் தண்ணீர் கொடுத்து, "மொதல்ல பிரிச்சிப் படிடி" என்றாள். படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். பூசணிக்காய்க்காக இல்லை.

கண்ணாடி விஷயம் என் தப்பு. புது மாடல் என்றால் பழையதில் இருந்ததெல்லாம் இருக்கும், அதற்கு மேலேயும் இருக்கும் என்று நினைத்து இங்கிருந்தே பதிவு செய்துவிட்டேன். இப்போது ஷோரூம்காரரிடம் கேட்டால், "அதெல்லாம் டாப் மாடல்லதான் மேடம் வரும்" என்கிறார். முன்பே சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இல்லாதது எதுவாக இருந்தாலும் வெளியே போட்டுக்கொள்ளலாமாம். நம் உத்திரமேரூர் இம்ரானிடம் காட்டுங்கள். எதையும் வேண்டாம் என்று விடாதீர்கள்.

டவர் விஷயத்துக்கு வருகிறேன். அம்மா அதே வீட்டில் அதே போனில் என்னோடு ஒரு மணி நேரம் பேசுகிறாள். பக்கத்து வீட்டு மருமகள் என்ன குழம்பு வைத்தாள் என்பதுவரை எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. உங்களுக்கு மட்டும் டவர் போய்விடுகிறது. கலைச்செல்வனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் சொன்ன நாளிலிருந்துதான் போகிறது. அத்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் தலைகுனிந்தது எனக்குத் தெரியும். விமான நிலையத்துக்கு வந்து பெட்டியைத் தூக்கி வைத்தீர்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வண்டியை வாங்கினால் ஒரு தடவையாவது போனை எடுப்பீர்கள் என்று நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இது வந்து சேர்வதற்குள் தீபாவளி முடிந்திருக்கும். எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா?

உங்கள் மகள்
தேவயானி

காவாந்தண்டலம்
18.11.2024

அன்பு மகள் தேவயானிக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் என்று யார் சொன்னது? எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கலைச்செல்வனுக்குத்தான் போன வருஷமே கல்யாணம் ஆகி, பிள்ளையும் பிறக்கப் போகிறதே. டவர் விஷயத்தை விடு.

வண்டி விஷயம் எழுதுகிறேன். நீ சொன்னபடி இம்ரானிடம் விட்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்துல் ஜப்பார் பாய் கடை. பாய் கல்லாவில் இருக்கிறார், வயரிங் எல்லாம் மகன்தான். இரண்டு கதவுக்கும் மோட்டார் போட்டுப் பட்டன் வைத்துவிட்டான். சென்ட்ரல் லாக்கும் ஆயிற்று. உன் அம்மா வண்டியில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள். பேட்டரி போய்விடும் என்று கையைப் பிடித்து இறக்க வேண்டியதாயிற்று.

இன்னும் சில இல்லாதவை இருந்தன. பழைய வண்டியில் கதவு சரியாக மூடாவிட்டால் ஸ்டீயரிங் பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரியும். இதில் ஒன்றும் இல்லை. இடது கதவு திறந்தபடியே ஏரிக்கரைமேல் போயிருக்கிறேன். சிவப்பு விளக்கு வைக்கச் சொன்னேன். இண்டிகேட்டர் போட்டால் மீட்டரில் கடுகளவு பச்சை தெரிகிறது, வெயிலில் அதுவும் இல்லை. போட்டதை அணைக்காமல் ஊர்வரை வந்துவிடுகிறேன். அதற்கும் ஒரு பெரிய பச்சை விளக்கு. "இன்னா மாமா, வண்டியா இது, தேரா" என்று இம்ரான் கேலி பண்ணினான்.

பிறகு பின்பக்கம் கேமராவும், முன்னால் சின்னத் திரையும். "ரிவர்ஸ் போட்டா மட்டும் தெரிஞ்சா போதும் மாமா, எப்பவும் எரிஞ்சிக்கினு இருந்தா இன்னாத்துக்கு" என்று அவன் கேட்டான். பின்னால் யார் வருகிறார்கள் என்று எப்போதும் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பேருந்து, மணல் லாரி எல்லாம் முட்டுகிற மாதிரி பின்னால் வருகின்றன. நல்ல மனுஷன், சொன்னபடியே செய்து கொடுத்தான்.

உன்மேல் குறை இல்லை. கம்பெனிக்காரன்மேல்தான். இவ்வளவு விலை வாங்குகிறான், வண்டி வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாது. ஊமை வண்டி. ஆனால் இழுவை இருக்கிறது பார், முப்பது மூட்டை ஏற்றினாலும் முனகாமல் போகிறது. தினமும் சாவியைப் போடும்போது உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

உன் நைனா
தாண்டவராயன்

சிங்கப்பூர்
8.12.2024

அன்புள்ள நைனாவுக்கு,

மழையும் காற்றும் என்று செய்தியில் பார்த்தேன். ஏரி நிரம்பிவிட்டது என்று அம்மா சொன்னாள். வண்டியைத் தாழ்வான இடத்தில் நிறுத்தாதீர்கள்.

நீங்கள் எழுதியது எனக்குப் புரியவில்லை. பதிவு செய்யும்போது வந்த விவரத்தாளில் கதவு திறந்திருந்தால் எச்சரிக்கை ஒலி வரும் என்று போட்டிருந்தார்களே. உங்கள் வண்டியில் அது வேலை செய்யவில்லையா? ஷோரூமுக்குப் போனால் சும்மா சரிசெய்து கொடுப்பார்கள். நமக்கு உரிமை இருக்கிறது, விடாதீர்கள்.

ஷாரோன் கிறிஸ்துமஸுக்குச் செங்கல்பட்டு வருகிறாள். அவளிடம் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்தால் 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டே வரும். அதனால்தான் நாங்கள் எல்லோரும் கால்களோடு வீட்டுக்குப் போகிறோம். அந்த மாதிரி ஒரு சென்சார். பின்பக்க பம்பரில் பொட்டு மாதிரி நான்கு கண்கள். வண்டி பின்னால் போகும்போது ஏதாவது கிட்டே இருந்தால் சத்தம் போடும். கிட்டே போகப் போக சத்தம் விடாமல் வரும். ஊமை வண்டி என்றீர்களே, இனி அது பேசும்.

கோபம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுவது சுலபம் நைனா. கோபம் இல்லாதவர் ஒரு தடவை போனை எடுக்கலாம். நீங்கள் நிறையப் பேச வேண்டாம். "தேவயானி" என்று ஒரு வார்த்தை, அது போதும். பொங்கலன்று காலை, பானை பொங்கி முடித்ததும் கூப்பிடுவேன். நீங்கள் எடுத்தால் நம்புகிறேன். எடுக்காவிட்டால் இனிமேல் கேட்டு உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.

உங்கள் மகள்
தேவயானி

காவாந்தண்டலம்
19.1.2025

அன்பு மகள் தேவயானிக்கு,

பொங்கலன்று நீ கூப்பிட்ட நேரத்தில் நான் வைக்கோல் விஷயமாக ஒருவரைப் பார்க்கப் போகவேண்டியிருந்தது. வருத்தப்படாதே. அம்மா பேசினாள் அல்லவா.

ஷாரோன் பொண்ணு தன் அண்ணனோடு வீட்டுக்கே வந்து நீ அனுப்பியதைக் கொடுத்தது. நல்ல பெண். அம்மா வடை சுட்டுப் போட்டாள். ஷோரூமுக்கும் போய்வந்தேன். அந்த ஆள் கதவைத் திறந்து திறந்து காட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தலையாட்டி அனுப்பிவிட்டான். அவர்களோடு மல்லுக்கட்ட முடியாது.

இம்ரான் உறவில் கல்யாணம் என்று ஊரில் இல்லை. உன் சென்சாரை நானே பம்பரில் துளை போட்டு மாட்டி, வயரையும் சேர்த்துவிட்டேன். பழைய வண்டியில் செய்யாத வேலையா. நேற்று மாலை உத்திரமேரூரில் வைக்கோல் கட்டு ஏற்றிக்கொண்டு விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு தொந்தரவும் இல்லை. மிக நன்றாக வேலை செய்கிறது, அருமையான கருவி.

இன்னொன்று சொல்ல வேண்டும். நேற்று வழியெல்லாம் ஜனங்கள் நின்று வண்டியைப் பார்த்தார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து கையைக் காட்டினார்கள். பைக்கில் போன பையன்கள்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையாட்டினார்கள். நானும் எல்லோருக்கும் கையைக் காட்டிக்கொண்டே வந்தேன். நம் தெருவுக்குள் நுழைந்தபோது வீட்டுக்கு வீடு வாசலில் வந்து நின்றார்கள். இத்தனை மாதம் ஆகியும் உன் வண்டிக்கு இந்த மரியாதை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

உன் நைனா
தாண்டவராயன்

சிங்கப்பூர்
2.2.2025

அன்புள்ள நைனாவுக்கு,

பொங்கலன்று நீங்கள் எடுக்கவில்லை. இனிக் கடிதமும் இல்லை என்று முடிவுபண்ணி, உங்கள் கடிதங்களை எல்லாம் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். ஷாரோனோடும் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசினாள். சிரித்துச் சிரித்து அவளால் பேச முடியவில்லை.

"உங்க நைனா வயரை எங்கியோ மாத்திக் குட்த்துட்டாரு. லைட்டைப் போட்டாலே அது கத்துது. பின்னால வைக்கோலு தொங்கிக்கினு கீதா, வுடாம ஊளை. உத்திரமேரூர்லேர்ந்து வூடு வரைக்கும் ஊளை. ஜனமெல்லாம் நிறுத்து நிறுத்துன்னு கைய ஆட்டுது, அந்த மனுசன் மந்திரி கணக்கா எல்லாருக்கும் கைய காட்டிக்கினு வராரு. நான் கத்துறேன், காதுலயே வாங்கல. முப்பது வருசமா என் பேச்ச எப்ப காதுல வாங்கிக்கீறாரு."

நானும் சிரித்தேன். நேற்று உங்கள் கடிதம் வந்தது. "ஒரு தொந்தரவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பு நின்றுவிட்டது. பெட்டிக்கு அடியில் இருந்ததை எல்லாம் எடுத்துத் திரும்பப் படித்தேன்.

கதவுக்குச் சிவப்பு விளக்கு. இண்டிகேட்டருக்குப் பச்சை விளக்கு. பின்னால் வரும் லாரியைப் பார்க்க எப்போதும் எரிகிற திரை. எல்லாம் கண்ணுக்கு நைனா. காதுக்கு ஒன்றுகூட நீங்கள் கேட்கவில்லை.

உங்களுக்குக் காது கேட்கவில்லையா?

வண்டியை விடச் சொல்வேன் என்று பயந்தீர்களா? சொல்ல மாட்டேன். வண்டி இல்லாமல் உங்களால் ஒரு வாரம் வீட்டில் இருக்க முடியாது, அம்மாவாலும் முடியாது. ஆனால் லாரிக்காரன் ஹாரன் அடித்து, நீங்கள் திரும்பாமல் போனால் என்ன ஆகும் என்று நினைத்து ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காஞ்சிபுரத்தில் காது டாக்டரைப் பாருங்கள். அதுவரை வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள். வண்டியில் இல்லாததை எல்லாம் தேடித் தேடிப் போட்டீர்களே, உங்களுக்கும் ஒன்று போட்டுக்கொள்ளக் கூடாதா? வெட்கப்பட என்ன இருக்கிறது? அதை நான் வாங்கித் தருகிறேன். புது மாடலா, டாப் மாடலா என்று இந்தத் தடவை கேட்டு வாங்குவேன்.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். கலைச்செல்வன் வேண்டாம் என்று சென்னையிலிருந்து போன் பண்ணிய அன்று, அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம்தான் சொன்னேன். அழுதுகொண்டே, "என்மேல கோவமா நைனா, இனிமே என்கூட பேச மாட்டியா" என்று கேட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டீர்கள் என்று அம்மா சொன்னாள். அதைத்தான் பதில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது பதில் இல்லையா நைனா?

உங்கள் மகள்
தேவயானி

காவாந்தண்டலம்
4.3.2025

என் கண்ணு தேவயானிக்கு,

உன் கடிதத்தை மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அய்ய, எங்கிட்ட சொன்னா இன்னா கொறஞ்சிபூட்ச்சி, வேணும்னே காதுல வாங்கலன்னு நெனச்சி வருசக்கணக்கா கத்திக்கினு கீறேன்" என்று அழுதாள். அன்று முழுக்க நான் கேட்காமலே டீ வந்துகொண்டிருந்தது.

காது கேட்கவில்லைதான். டிராக்டர் ஓட்டின காலத்திலேயே தொடங்கிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய், போனில் வரும் குரல் முதலில் போயிற்று. எதிரில் நின்று பேசினால் வாயைப் பார்த்துச் சமாளிப்பேன். போனில் வாய் தெரியாதே. அதனால் மணி அடித்து அம்மா ஓடினாலே நான் எழுந்து போய்விடுவேன். விமான நிலையத்தில் பேசாததும் அதனால்தான், அந்த இரைச்சலில் நீ கேட்பது புரியாதே. தெரிந்தால் வண்டியைப் பிடுங்கிவிடுவீர்கள் என்று பயம். நீ ஆசையாக வாங்கிக் கொடுத்தது, அது என்னால் வாசலில் சும்மா நிற்கக் கூடாது என்று இன்னொரு பயம்.

நீ சொன்னபடி அன்றே சாவியைக் கொடுத்துவிட்டேன். யாரிடம் என்று நினைக்கிறாய்? கலைச்செல்வனிடம். அவனாகவே வந்து, "மாமா, நான் ஓட்டறேன், நீ குந்து" என்றான். தங்கமான பையன். ஆனால் அவன் கிளட்சை மிதிக்கிற மிதியையும், மேட்டில் டாப் கியரில் ஏறுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, நீ வேண்டாம் என்றது சரிதான் என்று எனக்கே பட்டது. உன் அத்தையிடம் சொல்லிவிடாதே.

காஞ்சிபுரத்தில் டாக்டர் பார்த்து, இரண்டு காதிலும் வைத்துவிட்டார். பழக நாளாகும் என்றார். முதலில் எல்லாம் தகரத்தைத் தட்டுகிற மாதிரி இருந்தது. இப்போது பரவாயில்லை. குக்கர் கேட்கிறது, மாட்டுக் கழுத்து மணி கேட்கிறது. உன் அம்மா இவ்வளவு பேசுவாள் என்பது மறந்தே போயிருந்தது.

நேற்று டாக்டரிடம் மறுபடி காட்டினேன், இனி ஓட்டலாம் என்றார். இன்று காலை வண்டியை எடுத்தேன். இடது கதவு சரியாக மூடவில்லை. 'டிங் டிங்' என்று சத்தம். ஏரிக்கரை திருப்பத்தில் இண்டிகேட்டரைப் போட்டேன். 'டிக் டிக்' என்றது. ஓரமாக நிறுத்தி, அதைப் போட்டுவிட்டு அப்படியே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வண்டி ஊமை இல்லை தேவயானி. வந்த நாளிலிருந்து என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கம்பெனிக்காரனைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கண்ணாடி மோட்டார் விஷயத்தில் மட்டும் வாபஸ் இல்லை.

இம்ரானிடம் காட்டினேன். சென்சார் வயரைப் பிரித்து ரிவர்ஸ் விளக்கில் சேர்த்துக் கொடுத்தான். "சவப்பு லைட்டு, பச்ச லைட்டு எல்லாம் கழட்டிரட்டா மாமா" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். காதில் பேட்டரி தீர்ந்துபோனால் அவைதான் துணை. அந்த விளக்குகளை வைத்து நீ அங்கே உட்கார்ந்துகொண்டு என்னைக் கண்டுபிடித்தாய். இருக்கட்டும்.

இப்போது உன் கேள்வி. அன்று போனில் நீ அழுதது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு சொல்லும் விழவில்லை. திரும்பக் கேட்டால் காது விஷயம் வெளியே வந்துவிடும் என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். கல்யாணம் வேண்டாம் என்றாய் என்று பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். என்னிடம் நீ ஒன்று கேட்டாய், அதற்குப் பதிலுக்காக இத்தனை நாள் காத்திருந்தாய் என்பது உன் கடிதத்தில்தான் தெரிந்தது. வண்டி வாங்கிக் கொடுத்ததுகூட அதற்குத்தான் என்று நினைக்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

பதிலை எழுத மாட்டேன். எழுதுவது சுலபம் என்று நீதான் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. போன் என் சட்டைப் பையில் இருக்கும், நான்தான் எடுப்பேன். அன்று கேட்டதை இன்னொரு தடவை கேள். அம்மா தன் முறை வரும்வரை காத்திருக்கட்டும்.

உன் நைனா
தாண்டவராயன்